ஆடிட்டுக்கு ரெடியான ஏரி

ஒரகடத்தில் நான் இருந்த ஐந்து நாளும், பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான். "எந்த கம்பெனி மேடம்?" விடுதியில் சாவி கொடுத்தவர் கேட்டார். இட்லிக் கடைக்காரர் கேட்டார். செருப்பு அறுந்து தைக்கக் கொடுத்தபோது தைத்தவரும் கேட்டார். கம்பெனி எதுவும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறேன் என்றால் ஒருவரும் நம்பவில்லை. பினாங்கிலிருந்து ஒருத்தி விமானம் ஏறி வந்தால் கார் கம்பெனிக்கோ டயர் கம்பெனிக்கோதான் வரவேண்டும், அரசுப் பள்ளியில் இவளுக்கு என்ன வேலை என்ற சந்தேகம் முகத்திலேயே தெரிந்தது. அடுத்த கேள்வி, "சிலோனா?" மலேசியா என்றால், "அதான் பேச்சு ஒரு மாதிரி கீது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருடம் ஆற்றுநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் ஆற்றைக் கண்காணிக்கச் சின்னதாக ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் இருக்கும் டாக்டர் ஒருவர், ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவர். அங்கே பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் படிப்பு என்றால் என்ன, படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று நான் ஐந்து நாள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒருவரின் பட்டப்படிப்புச் செலவு டாக்டரின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள் என் கையில் இருக்க வேண்டும். டாக்டரே வந்திருக்கலாம். அவருக்கு நேரமில்லையாம்.

திங்கட்கிழமை காலை பசியாறக் கிளம்பினேன். விடுதியின் காலை உணவில் கொரிய நூடுல்ஸ் இருந்தது, ஆலு பராத்தா இருந்தது. தோசை இல்லை. தமிழ்நாட்டுக்கு வந்து தோசைக்கு வெளியே போகவேண்டுமா என்று முனகிக்கொண்டே தள்ளுவண்டிக் கடைக்குப் போனேன். இட்லி நன்றாகவே இருந்தது. டீதான் இரண்டு மடக்கில் முடிந்துபோனது. எங்கள் ஊரில் தே தாரே என்னும் இழுத்து ஆற்றிய டீ ஒரு குவளை வாங்கினால் செய்தித்தாளை முழுதாகப் படித்து முடிக்கலாம். இங்கே தலைப்பைப் படிப்பதற்குள் கிளாஸைக் கழுவ எடுத்துப்போய்விட்டார்கள்.

பிறகு பஸ். வெள்ளை வெள்ளையாகப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதி சீட்டெல்லாம் காலி. கை காட்டினேன், எதுவும் நிற்கவில்லை. அதெல்லாம் கம்பெனி பஸ், வெளியாட்களை ஏற்றாது என்று பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். ஊர் பஸ் எப்போது வரும் என்றேன். "வரும்" என்றார். முக்கால் மணி நேரம் நின்றேன். அது ஆறு வழிச் சாலை, ஆறிலும் கன்டெய்னர் லாரிகள், நடப்பவருக்கு என்று ஒரு முழம் இடம் கிடையாது. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக மடங்கி உட்கார்ந்தேன்.

என் முழங்கால்மேல் தன் பையை வைத்திருந்த வடநாட்டு இளைஞன் வழிநெடுகக் கைப்பேசியில் இந்தியில் பேசிக்கொண்டே வந்தான். எதிரில் இருந்தவர் ஆட்டோவுக்கே சத்தமாக மொழிபெயர்த்தார். "பொண்டாட்டி கிட்ட சொல்றான். ரூம்ல பதினாறு பேராம், தண்ணி வரலயாம், மூணு நாளா குளிக்கலயாம்." ஆட்டோவில் இருந்த எல்லாரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த இளைஞனுக்குக் காரணம் புரியவில்லை.

பள்ளியில் தொடக்க விழா பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டேகாலுக்கு. அதுவரை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சால்வை போட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றினோம், காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினோம். ஒரு கம்பெனி செலவில் 'பசுமைத் தூதுவர்' என்று அச்சடித்த டி-ஷர்ட் பிள்ளைகளுக்குத் தரப்பட்டது. எல்லாம் ஒரே பெரிய அளவு. ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்த என் வகுப்புக்குக் கடைசியில் கிடைத்தது இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தில், படித்து என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டேன். கியூ.சி., எச்.ஆர்., போலீஸ், டிப்ளமோ மெக்கானிக்கல் என்று பதில்கள் வந்தன. சுற்றுச்சூழல் சம்பந்தமாக உங்களுக்குத் தெரிந்த வேலை ஏதாவது உண்டா என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"ஈ.டி.பி. மேடம். கம்பெனியில இருந்து வர்ற கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட். எங்கப்பா அதுலதான் ஆபரேட்டர்."

யாரோ பின்னால் மூக்கைப் பொத்திக் காட்ட, வகுப்பு சிரித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். பெயர் தேவிகா.

வீட்டில் புழங்கும் தண்ணீரை நாளைக்கு ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை என் மேசைமேல் முப்பத்தேழு பாட்டில்கள் வரிசையாக நின்றன. நான் கருவிகளை எடுத்து வைத்து, மாணவர்களையே பரிசோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னேன். முதல் பாட்டில், பத்தாவது பாட்டில், இருபதாவது பாட்டில், எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. வேதியியல் ஆசிரியை ஹெப்சிபா டீச்சர்தான் என் காதில் மெல்லச் சொன்னார்.

"எல்லாம் கேன் தண்ணி மேடம். வெளிநாட்டு மேடத்துக்குக் குடுக்குறதுன்னு நல்ல தண்ணியா பாத்து எடுத்துனு வந்துருக்காங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குடிக்கவா கேட்டேன்? எனக்கு வந்த கோபத்தில் அரை வகுப்பு முகம் சுருங்கிப்போனது. அதற்காக இப்போது வருந்துகிறேன். விருந்தாளிக்கு நல்லதைக் கொடுத்ததற்குத் திட்டு வாங்கிய பிள்ளைகள் அவர்கள்.

தேவிகா மட்டும் மூன்று பாட்டில் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, எடுத்த இடமும் நேரமும் எழுதியிருந்தாள். "நீங்க எந்தத் தண்ணின்னு சொல்லல மேடம். குடிக்கிறதா, குளிக்கிறதா, கைப்பம்பா? அதான் மூணும்." யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "அப்பாதான். பேர் எழுதாத பாட்டில் வெறும் தண்ணின்னு சொல்வாரு." இதே வாக்கியத்தைப் புதிதாக வேலைக்கு வந்த எத்தனை பட்டதாரிகளுக்கு நான் கத்திக் கத்திச் சொல்லியிருப்பேன். அங்கேயே முடிவு செய்துவிட்டேன், சம்மதத் தாளில் எழுத வேண்டிய பெயர் இதுதான்.

மதியம் ஹெப்சிபா டீச்சரின் ஸ்கூட்டியில் ஏரியைப் பார்க்கப் போனோம். சித்தேரி என்று பெயர். ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், ஒரு பக்கம் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகைகள், நடுவில் மிச்சம் இருக்கும் ஏரி. ஒரு வாய்க்கால் வழியாகச் சோப்பு நுரையும் நாற்றமும் வந்து சேர்ந்தன. ஆனாலும் எதிர்க்கரையில் கோரைப்புல் அடியில் வலையைப் போட்டு எடுத்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டான்பூச்சியின் குஞ்சுகள், நத்தைகள், விரல் நகம் அளவு ஜிலேபிக் கெண்டைகள், தண்ணீர்மேல் ஓடும் பூச்சிகள். வாய்க்கால் பக்கம் ஒன்றுமே இல்லை, எதிர்ப்பக்கம் இத்தனை உயிர். பாடம் நடத்த இதைவிட நல்ல ஏரி கிடைக்காது. எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து தலைமையாசிரியரிடம், வியாழக்கிழமை பிள்ளைகளைச் சித்தேரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அங்கயா மேடம்?" என்றார். அங்கேதான் என்றேன். "சரி, நான் ஊராட்சியில ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்றார். அனுமதி கேட்கத்தான் சொல்கிறார் என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன்.

புதன்கிழமை வகுப்பில் மின்சாரம் போனது. வேலை வாய்ப்புகள் பற்றி நான் இரண்டு மாதம் உட்கார்ந்து தயாரித்த படக்காட்சி கறுப்புத் திரையாக நின்றது. வாயாலேயே சொன்னேன். கடல் ஆய்வாளர், காட்டுயிர் ஆய்வாளர், பருவநிலை ஆலோசகர். பிள்ளைகள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். கேள்வி உண்டா என்றேன், இல்லை என்றார்கள். ஏரியில் நிரப்ப வேண்டிய தாளைக் கொடுத்து, எப்படி நிரப்புவது என்று தெரிவதற்காக நான் செவ்வாயன்று குறித்த தாளையும் மாதிரியாக எல்லாருக்கும் நகல் கொடுத்தேன். இந்த ஐந்து நாளில் என் பங்குக்கு நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

சாயங்காலம் தேவிகாவின் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினோம். பாதி வழியில் ஸ்கூட்டி பஞ்சர். லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையோரம் இரண்டு பெண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தோம். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டார், எந்த கம்பெனி மேடம் என்று.

தேவிகாவின் அப்பா தனசேகர் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டார். காலை ஷிப்ட் முடித்து, குளித்து, விபூதி பூசியிருந்தார். மகளைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டார். சம்மதத் தாளை நீட்டியதும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார்.

"நானும் சுற்றுச்சூழல் வேலைதான் மேடம் பண்றேன். பதினாலு வருசமா. என் பொண்ணு அந்த வேலைக்கு வர வாணாம்."

நாற்றத்துக்காகச் சொல்கிறீர்களா என்றேன்.

"நாத்தம் இன்னா மேடம், குளிச்சா பூடும். தண்ணியில காரம் எவ்ளோன்னு நான் ரீடிங் எடுக்குறேன். பதினொண்ணு வருது. ரெஜிஸ்டர்ல எட்டுக்கு மேல வரக்கூடாது. அப்ப இன்னா எழுதணும்? நெசத்த எழுதுனா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவான். எட்டுன்னு எழுதிட்டு சம்பளம் வாங்கிக்கினு வர்றேன். ஆடிட்டுக்கு வர்றவங்களும் ரெஜிஸ்டர்தான் பாப்பாங்க, டேங்க்க பாக்க மாட்டாங்க. இதுக்கு மூணு வருசம் காலேஜ் வேற படிக்கணுமா? பரீட்ச முடிஞ்சா ஒரு கம்பெனியில அசெம்பிளி லைன்ல ட்ரெய்னியா எடுத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க. பேர் குடுத்தாச்சு. ஸ்க்ரூ முடுக்குறதுல பொய் இல்ல மேடம்."

படிப்பு எல்லாவற்றையும் மாற்றும் என்று ஏதோ உளறினேன். எனக்கே அது கேட்கப் பிடிக்கவில்லை. தேவிகா உள்ளே சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவின்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது. கையெழுத்தில்லாத தாளோடு திரும்பினேன்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். கோரைப்புல்லைக் காணோம். பொக்லைன் வைத்துக் கரையை வழித்து எடுத்திருந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் மந்திரி வரும்போது போடுவதுபோல வெள்ளைக் கோடு. ஷாமியானா. என் பெயர் போட்ட பேனர். நீச்சல் குளத்தில் வரும் வாடை மூக்கில் ஏறியது. தண்ணீர் விளிம்பு முழுக்க ஜிலேபிக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

தலைமையாசிரியர் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. "நேத்து பூரா ஆள் வெச்சு வேலை பாத்தாங்க மேடம். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் மூட்டை மூட்டையா கொட்டியிருக்காங்க. வெளிநாட்டுல இருந்து ஆய்வுக்கு வர்றீங்க, அந்தக் கோலத்துலயா காட்டுறது?"

"நான் பாக்கணும்னு சொன்னேன் சார். கழுவணும்னு சொல்லல."

"பாக்க வர்றாங்கன்னா ரெடி பண்ணித்தானே மேடம் வெப்பாங்க? இங்க எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான்."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். இந்த வட்டாரத்தில் யாராவது வெளியிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றால் அதற்குப் பெயர் ஆடிட். ஆடிட் என்றால் முந்தின நாளே துடைத்து, பெயின்ட் அடித்து, ரெஜிஸ்டரை நிரப்பி வைப்பது. வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் சம்பளம் வாங்குகிறார். ஏரிக்கும் அதையே செய்திருக்கிறார்கள். என் ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. பிள்ளைகளை ஒன்பது குழுவாகப் பிரித்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று அனுப்பிவிட்டு ஷாமியானாவுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். ரோஸ்மில்க் கொடுத்தார்கள். குடித்தேன், என்ன செய்வது.

ஒரு மணி நேரத்தில் ஒன்பது தாள்கள் வந்தன. முதல் தாளைப் பார்த்தேன். தட்டான் குஞ்சு பன்னிரண்டு, நத்தை எட்டு. இரண்டாவது தாளிலும் பன்னிரண்டு, எட்டு. எட்டுத் தாளிலும் அதேதான். எல்லாம் என்னுடைய மாதிரித் தாளின் எண்கள். நான் அன்றைக்குக் கைக்கடிகாரத்தில் இன்னும் மாற்றாமல் வைத்திருந்த பினாங்கு நேரத்தை எழுதியிருந்தேன், மாலை ஐந்தே முக்கால் என்று. உச்சி வெயிலில் நின்றுகொண்டு எட்டுக் குழுவும் மாலை ஐந்தே முக்கால் என்று எழுதியிருந்தது.

ஒரு மாணவியைக் கூப்பிட்டு, செத்த மீனைப் பார்த்துக்கொண்டே எப்படி இதை எழுதினாய் என்று கேட்டேன். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். "கட்டம் காலியா இருந்தா பாயின்ட் போயிடும் மேடம். எங்கம்மா வேலை செய்யுற கம்பெனி லைன்ல அப்படித்தான் சொல்வாங்களாம்."

ஒன்பதாவது தாள் தேவிகாவின் குழுவுடையது. மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்திருந்தாள். மூன்றிலும் குளோரின் அளவு என் கருவியின் கடைசி நிறத்தையும் தாண்டியிருந்தது. உயிரினங்கள் கட்டத்தில் பூஜ்யம். கீழே குறிப்பு என்ற இடத்தில், 'நேற்று ஊராட்சி ஆட்கள் ப்ளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். உயிரோடு எதுவும் இல்லை. இறந்த மீன்களை எண்ண முடியவில்லை' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். சேகரித்தவர் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டை அடித்திருந்தார்கள். கூட இருந்த இரண்டு பெண்களும், எங்க பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்தத் தாளைத் தலைமையாசிரியரும் பார்த்தார். வெள்ளிக்கிழமை நிறைவு விழாவில் இந்த ஒன்பது தாளும் பலகையில் ஒட்டப்படும், ஊராட்சிக்காரர்களும் டி-ஷர்ட் கொடுத்த கம்பெனிக்காரர்களும் வந்து பார்ப்பார்கள். அவர் தேவிகாவிடம் கோபப்படவில்லை. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார். பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நான் தலையிட்டேன், பேசினேன், ஆங்கிலத்தில்கூடப் பேசினேன். "நீங்க சனிக்கிழமை ஊருக்குப் போயிடுவீங்க மேடம். ரோடு போடறதுக்கும் காம்பவுண்டு கட்டறதுக்கும் நான் அவங்ககிட்டதானே போய் நிக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் மைதானத்தில் பிரியாணி அண்டா இறங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் ஒருவர் 'செக், செக்' என்று முக்கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தனசேகர் ஷிப்ட் முடிந்து நேராகக் கம்பெனிச் சட்டையோடு வந்தார். தலைமையாசிரியர் அறையில் அவர், தேவிகா, ஹெப்சிபா டீச்சர், நான். தேவிகாவின் தாளைத் தனசேகர் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு வைட்னரையும் வைத்தார் தலைமையாசிரியர்.

"பொண்ணு நல்லா படிக்கிறவ, நான் குறை சொல்லல. அந்தக் குறிப்பை மட்டும் அழிச்சிட்டு, நம்பரை மத்தவங்க மாதிரி போடச் சொல்லுங்க. சும்மா ஒரு ஃபார்ம்தானே."

தனசேகர் தாளைக் கையில் எடுத்தார். மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். ஒரு கட்டத்தையும் விடவில்லை. பதினாலு வருடம் இதையேதான் செய்துவந்தேன் என்று என்னிடம் சொன்னவர் அவர்.

"வைட்னர் போடக்கூடாது சார்" என்றார். "ஆடிட்ல புடிச்சுடுவான். தப்பா எழுதியிருந்தா ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானத எழுதி, கையெழுத்து போடணும். அதான் ரூலு."

"அப்ப அப்படியே செய்ங்க" என்றார் தலைமையாசிரியர், நிம்மதியாக.

"தப்பா இருந்தாத்தான் சார்."

மகள் பக்கம் திரும்பினார். "நீயே பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

"ஒரு எடத்துலயா?"

"மூணு எடத்துல. வாய்க்கா பக்கம், நடுவுல, புல்லு இருந்த பக்கம். ஒவ்வொண்ணும் ரெண்டு தபா."

"பாட்டில்ல பேர் எழுதினியா?"

"எழுதினேன்."

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற எட்டுத் தாளிலும் அது காலி. அதில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதித் தலைமையாசிரியரிடம் நீட்டினார்.

"சரியாத்தான் சார் கீது. ஒட்டுங்க."

தலைமையாசிரியர் தாளை வாங்கிக்கொண்டார். அந்தக் கையெழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஹெப்சிபா டீச்சரிடம் கொடுத்து, "ஓரமா ஒட்டுங்க" என்றார். இவ்வளவு எரிச்சலிலும் அவர்மேல் எனக்கு அந்த நேரத்தில் மரியாதை வந்தது. ஓரமாக ஒட்டுவதற்கும் அவருக்குத் தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

வெளியே வராந்தாவில் தனசேகர் என்னைப் பார்த்தார். எனக்கு எதிர்பார்ப்பு வந்துவிட்டது. அவரோ சண்டைக்கு வருபவர்போலத்தான் ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா மேடம்? இதுக்குத்தான் வாணாம்னேன். இவ எழுதிடுவா. இவள என் வேலையில வெச்சா ஒரு மாசம் தாங்க மாட்டா."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "ஒரு தடவை உள்ளதை எழுதினேன். ஆத்துப் பிரிவிலிருந்து தூக்கி மூணு வருஷம் ஆபீஸ் கேன்டீன் தண்ணி சோதிக்கப் போட்டாங்க. அப்புறம் கொஞ்ச நாள் நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அவர் என்னை முதல்முறையாக ஒரு சக ஊழியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மைக்கில் என் பெயரை அழைத்தார்கள். நான் அசையவில்லை.

"ஒண்ணு கேக்குறேன்" என்றார். "ரெஜிஸ்டர் எழுதுற பக்கம் நான் கீறேன். வந்து பாக்குற பக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. பெரிய பையோட வர்றாங்க, ஏ.சி. ரூம்ல டீ குடிக்கிறாங்க, ரெஜிஸ்டர பொரட்டிட்டு கெளம்பிடறாங்க. பதினாலு வருசத்துல ஒருத்தர்கூட என் டேங்க்கு மேல ஏணி வெச்சு ஏறிப் பாத்ததில்ல. அந்தப் பக்கத்துக்குப் போறதுக்கு இன்னா படிக்கணும்?"

ஐந்து நாளில் வேலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. என் படக்காட்சியில் அதற்குப் பதில் கிடையாது. கடல் ஆய்வாளரையும் காட்டுயிர் ஆய்வாளரையும் போட்ட எனக்கு, ஒரு தொட்டிமேல் ஏறிப் பார்க்கும் வேலையைப் போடத் தோன்றவில்லை. சுற்றுச்சூழல் அறிவியலோ வேதியியலோ மூன்று வருடம், மேலே இரண்டு வருடம், பிறகு அரசுத் தேர்வு எழுதினால் ஆய்வாளராகப் போகலாம் என்று சொன்னேன். அவர் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எத்தனை வருடம், ஹாஸ்டல் உண்டா, பெண்கள் போகிறார்களா. தேவிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுவியா?" என்று அவளைக் கேட்டார். "இருவது அடி. நாத்தம் தாங்காது. கீழ நாலு பேரு, வாணாம் மேடம், எறங்குங்க மேடம்பான்."

"ஏறுவேன்ப்பா."

சம்மதத் தாளைக் கேட்டு வாங்கினார். வராந்தாவின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் கையெழுத்துக்குக் கீழே தன் எம்ப்ளாயி நம்பரையும் எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் கவனித்தார். நம்பரின்மேல் ஒத்தக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'தேவிகாவின் அப்பா' என்று எழுதி, திருத்தத்துக்கு இன்னொரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.